ஆடிக்கு எந்தக் கண்ணாடி?

1908 டிசம்பரில் பிரான்சிலிருந்து கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்கு ஒரு கண்ணாடி வட்டு வந்து சேர்ந்தது. விட்டம் 100 அங்குலம், எடை ஏறக்குறைய நாலரை டன். செயின்ட் கோபைன் ஆலை அதை மூன்று தவணையாக ஊற்றியிருந்தது. ஒவ்வொரு ஊற்றுக்கும் நடுவே குமிழ்கள் படலமாகத் தங்கிவிட்டன. நிறமோ ஒயின் பாட்டில் பச்சை. வில்சன் மலை வானாய்வகத்தின் ஒளியியல் வல்லுநர் ஜார்ஜ் ரிச்சி பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்றார். ஆலை மறுபடியும் வார்த்துப் பார்த்தது, எதுவும் தேறவில்லை. வேறு வழியில்லாமல் அந்தக் குமிழ் வட்டையே 1910இல் தேய்க்கத் தொடங்கினார்கள். 1917இல் ஹூக்கர் தொலைநோக்கியில் ஏறிய அந்த ஆடியைக் கொண்டுதான் எட்வின் ஹபிள் 1923இல் ஆண்ட்ரோமீடாவில், தூரத்தை அளக்க உதவும் செஃபீடு வகை விண்மீன் ஒன்றைக் கண்டார். ஆண்ட்ரோமீடா நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

வீட்டில் தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்க உட்காருகிறவர் முதலில் திணறுவது கண்ணாடி வாங்கும் இடத்தில்தான். சூட்டில் குறைவாக விரியும் பைரெக்ஸ் கிடைக்காவிட்டால் தொடவே வேண்டாம் என்பார் ஒருவர். கடைச் சன்னல் கண்ணாடியே போதும் என்பார் இன்னொருவர். சரியாக ஆற்றாத கண்ணாடி என்றைக்கிருந்தாலும் உருமாறிக் காலை வாரிவிடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துவார். மூன்று பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் ஒருவர் வெப்ப விரிவைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் விலையைப் பற்றி, மூன்றாமவர் கண்ணாடிக்குள் உறைந்துபோன தகைவைப் பற்றி. எல்லாவற்றையும் ‘தரம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். என் கணிப்பு இது: ஆறு, எட்டு அங்குல ஆடிக்குக் கண்ணாடியின் வகை அவ்வளவு முக்கியமில்லை. உள்ளே இருக்கும் தகைவு எப்படிப் பரவியிருக்கிறது, ஆடியை முடித்தபின் அதை நாம் கலைக்கப் போகிறோமா என்பவைதான் முக்கியம்.

முதலில் குமிழை முடித்துவிடலாம். லென்சுக்குள் ஒளி புகுந்து வெளியேற வேண்டும். அதனால் நிறம், குமிழ், அடர்த்தி மாறும் இழைகள் எல்லாமே அங்கே கேடு. ஆடியில் ஒளி கண்ணாடிக்குள் போவதே இல்லை. முன்முகத்தின் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் படிந்த அலுமினியத்திலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. 1857இல் லியோன் ஃபூக்கோ கண்ணாடியில் வெள்ளி பூசி ஆடி செய்த நாளிலிருந்து, கண்ணாடிக்கு ஒரே வேலைதான்: மேலே இருக்கும் உலோகப் படலத்தை உரிய வளைவில் தாங்கி நிற்பது. உள்ளே புதைந்த குமிழ் நூறு இருந்தாலும் படத்தில் தெரியாது. தேய்க்கும்போது வாய் திறந்துகொள்ளும் குமிழ் மட்டும் தொல்லை. அந்தக் குழிக்குள் 80ஆம் நம்பர் கார்பரண்டம் துகள் ஒன்று ஒளிந்துகொண்டு, மெருகேற்றும் நாளில் வெளியே வந்து குறுக்கே ஒரு கீறல் போட்டுவிடும். ஒவ்வொரு தூள் மாற்றும்போதும் பல் துலக்கும் பிரஷ்ஷால் குழியைத் தேய்த்துக் கழுவினால் இதைத் தவிர்க்கலாம்.

தாங்கி நிற்பது என்றால் எவ்வளவு துல்லியமாக? மேற்பரப்பில் பிழை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பச்சை ஒளிக்கு அது சுமார் 70 நானோமீட்டர். இந்த அளவில் கண்ணாடியைக் கல் மாதிரி அசையாத பொருளாக நினைக்க முடியாது. வளையும், விரியும், உள்ளே இழுபடும்.

உள்ளே இழுபடுவது எப்படி வருகிறது? கண்ணாடிக்கு உறைநிலை என்று ஒரு புள்ளி கிடையாது. சூடு இறங்க இறங்கப் பாகு இறுகிக்கொண்டே போகும். சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி 545 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கும்போது உள்ளிருக்கும் தகைவு சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். 510 டிகிரிக்கு வந்தால் அதற்கே மணிக்கணக்கில் ஆகும். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் இருப்பது இருந்தபடி உறைந்துவிடும். உருகிய வட்டை வெளியே வைத்தால் தோல் முதலில் இறுகும். உள்ளே இன்னும் சூடு. உள்பகுதி பின்னால் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிய தோல் விடாது. முடிவில் தோல் நெருக்கப்பட்டும் உள்பகுதி இழுபட்டும் நிற்கும். இந்த இழுபறி வராமல் இருக்க, வட்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைத்துத் தளரவிட்டு, உள்ளும் புறமும் சேர்ந்து இறங்கும்படி மெல்ல ஆற்றுவதுதான் அனீலிங்.

வேண்டுமென்றே இழுபறியை உண்டாக்குவதும் உண்டு. கடைகளில் டஃபன்டு என்று சொல்லும் கண்ணாடியைச் சூடாக்கிக் காற்றை ஊதிச் சட்டென்று ஆற்றுகிறார்கள். தோலில் அழுத்தம் ஏறுவதால் பலம் கூடும். அந்தத் தோலைத் தாண்டி ஒரு கீறல் போனால் மொத்தமும் பொடிக்கற்களாக உதிரும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசவையை வியக்கவைத்த இளவரசர் ரூபர்ட்டின் கண்ணாடித் துளிகளிலும் இதே சங்கதிதான். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டு எடுத்த அந்தத் துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலை ஒடித்தால் வெடித்துத் தூளாகும்.

ஆற்றுவதில் தோற்ற கதைகள் கண்ணாடிக்கு முந்தியவை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் ஆடி வார்த்த காலத்திலேயே இந்தத் தலைவலி இருந்தது. 1781இல் யுரேனசைக் கண்டுபிடித்த சில மாதங்களில் வில்லியம் ஹெர்ஷல், பாத் நகரில் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்றடி ஆடி வார்க்கப் பார்த்தார். அப்போது அவர் தொழில்முறை வானியலாளர் அல்ல, இசை ஆசிரியர். முதல் வட்டு ஆறும்போதே விரிசல் விட்டது. இரண்டாவது முறை உலை ஒழுகி, உருகிய உலோகம் தரையில் ஓடியது. சூட்டில் தரைக்கற்கள் வெடித்துப் பறக்க, ஹெர்ஷலும் உடனிருந்த அவர் தம்பியும் ஓடித் தப்பினார்கள். அறுபது ஆண்டு கழித்து அயர்லாந்தின் ராஸ் பிரபு ஆறடி உலோக ஆடியை வார்த்தபோது, அதை ஆற்று உலையில் வைத்து 16 வாரம் காத்திருந்தார்.

கண்ணாடியில் இந்தப் பொறுமையின் உச்சம் பாலோமர் மலையின் 200 அங்குல ஆடி. அதற்காக முதலில் உருக்கிய குவார்ட்சை நம்பி ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் பெரும் பணத்தைக் கொட்டித் தோற்றது. பிறகு நியூயார்க் மாநிலத்து கார்னிங் ஆலை பைரெக்சில் இறங்கியது. 1934 மார்ச்சில் ஊற்றிய முதல் வட்டில், பின்புறத் தேன்கூட்டு அமைப்புக்காக வைத்திருந்த அச்சுக்கட்டைகள் சூட்டில் பிடிவிட்டு மிதந்து வந்துவிட்டன. அந்த வட்டு இன்று கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிசம்பரில் ஊற்றிய இரண்டாவது வட்டை, நாளைக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்கி, ஏறக்குறைய பத்து மாதம் ஆற்றினார்கள். நடுவில் 1935 ஜூலையில் செமுங் ஆறு கரைபுரண்டு ஆலைக்குள் தண்ணீர் வந்தது. மின் கருவிகளை இடம்மாற்றும்வரை சூட்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை. இருபது டன் கண்ணாடி தன் சூட்டைத் தானே காத்துக்கொண்டு தப்பியது.

இதையெல்லாம் படித்துவிட்டு, தன் எட்டு அங்குல வட்டுக்கும் பத்து மாதம் வேண்டுமோ என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தகைவு உள்ளே இருப்பது வேறு, அது ஆடியைக் கெடுப்பது வேறு. கயிறிழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலம் என்றால், எவ்வளவு மூச்சுப்பிடித்து இழுத்தாலும் நடுவில் கட்டிய துணி நகராது. ஒரு பக்கத்திலிருந்து ஓர் ஆளை எடுத்தால்தான் நகரும். கண்ணாடியில் ஆளை எடுப்பது என்பது தேய்ப்பதும் வெட்டுவதும் துளைப்பதும்.

எண்களில் பார்ப்போம். 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடிக்கு நடுவில் சுமார் 2 மி.மீ. குழி வேண்டும். 25 மி.மீ. தடிமனான வட்டின் ஒரு முகத்தில் மட்டும் இவ்வளவு எடுக்கும்போது உள்ளிருக்கும் சமநிலை கலையும், வட்டு கொஞ்சம் வளையும். வளையட்டுமே! அந்தக் கட்டத்தில் நாம் இன்னும் முரட்டுத் தூளில்தான் இருக்கிறோம். அடுத்தடுத்த தூள்கள் அந்த வளைவையும் சேர்த்தே தேய்த்துவிடும். மெருகேற்றும்போது போவது சில பத்து மைக்ரான். அதன்பின் கோள வடிவத்திலிருந்து பரவளையத்துக்குப் போக எடுப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய உரிப்பு 25 மி.மீ. கண்ணாடியின் சமநிலையை அசைக்காது. ஆக, கொஞ்சம் தகைவுள்ள கண்ணாடியும், வட்டமாக, நடுவைச் சுற்றிச் சீராகத் தகைவு பரவியிருந்தால், நல்ல ஆடியாகும்.

ஜான் டாப்சன் அதைச் செய்து காட்டியவர். சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தபோது, பழைய கப்பல் சன்னல் வட்டுகளை வாங்கி, மடத்துக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஆடி தேய்த்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேறியபின் தெருவோரம் தொலைநோக்கியை நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிலவைப் பார்க்கவைத்தார். அவருடைய கண்ணாடிக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. ஆனால் இன்று ஒருவர் அதே வழியில் கப்பல் உடைக்கும் தளத்தில் வட்டு தேடினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கப்பல் சன்னலுக்கு இப்போது டஃபன்டு கண்ணாடிதான் பன்னாட்டுத் தரம். தேய்க்கத் தொடங்கினால் கையிலேயே சிதறும்.

தகைவு நிஜமாகவே பழிவாங்கும் இடங்கள் வேறு. மெருகு முடித்த ஆடியின் நடுவில் காசகிரைன் தொலைநோக்கிக்காகத் துளை போட்டால், அந்தத் துளையைச் சுற்றி உருவம் குலையும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தேய்க்கும் முன்பே பின்புறமிருந்து பெரும்பகுதி துளைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரிய சமதளக் கண்ணாடியைச் சோதித்து, நன்றாயிருக்கிறது என்று அதிலிருந்து நீள்வட்டமாகத் துணை ஆடியை வெட்டியெடுப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம்: வெட்டிய துண்டு பழைய சமதளத்தில் நிற்காது. மிக மெல்லிய வட்டு என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு முகம் சொரசொரப்பாகவும் மறுமுகம் மெருகாகவும் இருந்தாலே வட்டு வளையும். தேய்த்த முகத்தின் நுண்விரிசல்கள் அந்தத் தோலை விரியச் செய்வதால் வருவது இது. ட்வைமன் விளைவு என்று பெயர். இதைக் கண்டு ‘கண்ணாடி சரியாக ஆறவில்லை’ என்று ஆலையைத் திட்டுகிறவர்கள் நிறைய.

சரி, கையிலிருக்கும் வட்டு எப்படி என்று தெரிந்துகொள்வது? ஒரு காலத்தில் இதற்குத் தனிக் கருவி வேண்டியிருந்தது. இப்போது மடிக்கணினியின் எல்சிடி திரையும் ஒரு போலராய்டு குளிர்கண்ணாடியும் போதும். திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது. திரையில் வெறும் வெள்ளையை வைத்து, குளிர்கண்ணாடியின் ஒரு வில்லையைக் கண்முன் பிடித்துத் திருப்புங்கள்; ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். அந்த நிலையில் வட்டை நடுவே நிறுத்துங்கள். தகைவில்லாத கண்ணாடி இருந்த இடமே தெரியாது. தகைவுள்ள இடம் இருட்டில் வெளுத்து எழும்.

என்ன பார்க்க வேண்டும் என்பதில்தான் அனுபவம். மங்கலான சாம்பல் வெளிச்சம் விளிம்பைச் சுற்றிச் சீராக இருந்து, நடுவில் நான்கு கை விரித்த கறுப்புக் குறுக்குக்கோடு தெரிந்தால், வட்டைத் திருப்பினாலும் அந்தக் குறுக்குக்கோடு நின்ற இடத்திலேயே நின்றால், தகைவு வட்டச்சீராக இருக்கிறது. தாராளமாகத் தேய்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்து, வட்டைத் திருப்பும்போது திட்டும் கூடவே சுற்றினால் யோசிக்க வேண்டும். மஞ்சளும் சிவப்புமாக நிறங்கள் தெரிந்தால் அது டஃபன்டு, அல்லது ஆற்றவே ஆற்றாத வார்ப்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கையால் பிடித்த இடத்தின் சூடே தற்காலிகத் தகைவை உண்டாக்கி வெளுப்பாகத் தெரியும். வட்டை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பது நல்லது. கடையிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு. டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்தியபின் வெட்டவே முடியாது. ஆகவே கடைக்காரர் உங்கள் கண்முன் அறுத்துக் கொடுக்கிறார் என்றால் அது டஃபன்டு இல்லை.

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது ஃப்ளோட் கண்ணாடி. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் இந்த முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. ஹூக்கர் வட்டை வார்த்த அதே செயின்ட் கோபைன் இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஃப்ளோட் ஆலை நடத்துகிறது. இந்த ஆலைகளில் தகடு ஒரு நீண்ட ஆற்றுச்சுரங்கத்தின் வழியாக ஓடிவரும். வெட்டும்போது விரிசல் விடாத அளவுக்கு ஆற்றுவதுதான் அவர்களுடைய நோக்கம்; தொலைநோக்கி அவர்கள் நினைவில் இல்லை. ஆனாலும் 12 மி.மீ. வரை அதுவே போதும். 19, 25 மி.மீ. தகடுகளில் தகைவு கூடுதலாக இருக்கலாம். போலராய்டு சொல்லட்டும்.

போலராய்டு மோசமாகச் சொன்னால், அல்லது இரண்டு தகடுகளை உலையில் ஒட்டித் தடித்த வட்டாக்கினால், அல்லது வளைந்த அச்சின் மேல் தளரவிட்டுக் கிண்ணம்போல் வட்டு செய்தால், அப்போது அனீலிங் நம் தலையில் விழுகிறது. மட்பாண்டக் கலைஞர்களின் மின் உலையும், சூட்டைப் படிப்படியாக இறக்கும் கட்டுப்படுத்தியும் வேண்டும். 545 டிகிரி அருகில் வட்டு முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு இறக்கும் வேகம். கணக்கின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. நடுவுக்கும் மேலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 25 மி.மீ. வட்டு மணிக்கு 10 டிகிரி இறங்கினால் அந்த வித்தியாசம் அரை டிகிரிக்குள் நிற்கும். ஆடிக்கு அது மிக நல்ல ஆற்றுதல். அதே தரம் 50 மி.மீ. வட்டுக்கு வேண்டுமானால் வேகத்தைப் பாதியாக்கினால் போதாது, கால்வாசியாக்க வேண்டும்: மணிக்கு இரண்டரை டிகிரி. 545இலிருந்து 400 வரை இறங்க முன்னதற்கு 15 மணி நேரம் போதும், பின்னதற்கு இரண்டரை நாள். 400க்குக் கீழே கொஞ்சம் வேகம் கூட்டலாம். அங்கே உண்டாகும் தகைவு தற்காலிகமானது, முழுக்க ஆறியதும் மறைந்துவிடும். மெல்ல இறக்குவது மட்டும் பத்தாது. மேலும் கீழும் விளிம்பும் ஒரே மாதிரி ஆற வேண்டும். உலைக் கதவுப் பக்கம் சூடு குறைவாக இருந்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் தகைவு ஒரு பக்கம் சாய்ந்துதான் உறையும். மெல்ல ஆற்றிச் சாய்வாக உறைந்த வட்டைவிட, வேகமாக ஆறிச் சீராக உறைந்த வட்டு மேல்.

இனி வெப்ப விரிவு. ஒரு டிகிரிக்குச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். பைரெக்ஸ் வகை போரோசிலிகேட் 3.3 பங்கு. உருக்கிய குவார்ட்ஸ் அரைப் பங்கு. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் செய்யும் ஸெரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கான் ஏறக்குறைய விரிவதே இல்லை. காவலூரில் 1986இல் தொடங்கிவைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி இந்தப் பொருள்தான். இந்த வித்தியாசம் எங்கே உறைக்கிறது என்பதை, ஆடியின் மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் ஃபூக்கோவின் கத்திமுனைச் சோதனையில் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடியின் முகத்தில் பெருவிரலைக் கால் நிமிடம் வைத்து எடுத்துவிட்டுக் கத்திமுனைக்குப் பின்னால் கண்ணை வையுங்கள். விரல் பட்ட இடம் ஒரு குன்றாக எழும்பி நிழல் விழுந்து நிற்கும். சாதாரணக் கண்ணாடியில் அது உயரமாக எழுந்து வெகு நேரம் நிற்கும். பைரெக்சில் தணிவாக எழும். ஸெரோடூரில் தேடினாலும் கிடைக்காது. மெருகேற்றி முடித்த கையோடு சோதிப்பது ஏன் வீண் என்பதும் இதில் விளங்கிவிடும். உரசலின் சூடு அடங்காத சாதாரணக் கண்ணாடியைச் சோதித்து, இல்லாத குன்றைத் தேய்த்துக் குழியாக்கியவர்கள் உண்டு.

ஹூக்கர் ஆடிக்கும் இது நேர்ந்தது. 1917 நவம்பரில் முதன்முதலாக வியாழனை நோக்கித் திருப்பியபோது, கண்வில்லையில் ஆறேழு வியாழன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்துவைத்திருந்ததால் வெயில் உள்ளே வந்து ஆடி சூடேறியிருந்தது. வானாய்வக இயக்குநர் ஜார்ஜ் ஹேலும் வானியலாளர் வால்டர் ஆடம்சும் படுக்கப் போனார்கள், தூக்கம் வரவில்லை. அதிகாலை மூன்று மணிவாக்கில் திரும்பி வந்து ஒரு விண்மீனைப் பிடித்தபோது அது கூர்மையான புள்ளியாக இருந்தது.

கவனிக்க வேண்டியது: ஆடி முழுவதும் ஒரே சீராகச் சூடு குறைந்தால் எந்தக் கண்ணாடியும் கெடாது, குவியத் தூரம் இம்மி மாறும், வடிவம் அப்படியே இருக்கும். விளிம்பு முந்தி ஆறி நடு பிந்தி ஆறும்போதுதான் வடிவம் குலையும். மேலும், சூடான ஆடிக்கு மேல் வெந்நீர் ஆவிபோல் நெளியும் காற்றுப் படலத்துக்குக் கண்ணாடியின் வகை தெரியாது. வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும் ஸெரோடூர் ஆடியும் மோசமான படத்தையே தரும். ஆகவே மெல்லிய வட்டும் பின்னால் ஒரு சிறு மின்விசிறியும், விலையுயர்ந்த கண்ணாடி செய்யாத உதவியைச் செய்யும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரஸ்ஸல் போர்ட்டர் 1920இல் ஊர்க்காரர்களுக்கு ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்த ஸ்பிரிங்ஃபீல்டு, பனிக்காலம் கடுமையான ஊர். வீட்டுக்குள் இருந்த ஆடியை வெளியே எடுத்தால் இருபது முப்பது டிகிரி விழும். அங்கே பைரெக்சின் மதிப்பு பெரிது. நம் கடற்கரை ஊர்களில் இரவு அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. சாதாரணக் கண்ணாடிக்கு இங்கே சிரமம் குறைவு. ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தால் மட்டும் முதல் ஒரு மணி நேரம் ஆடி வியர்த்துப்போய் நிற்கும். கொடைக்கானல், நீலகிரி என்றால் கணக்கு வேறு.

பைரெக்ஸ் என்ற பெயரை நம்பிச் சமையல் பாத்திரத்தை அறுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்கும் பாத்திரங்கள் இப்போது பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. போரோசிலிகேட் தகடு வேண்டுமென்றால் ஷாட்டின் போரோஃப்ளோட் ஏறக்குறைய 25 மி.மீ. வரை வருகிறது.

தடிமனைப் பற்றிப் பழைய விதி ஒன்று உண்டு: விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆறு அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்பது மூன்று புள்ளித் தாங்கலோடு கவலையில்லாமல் இருக்கச் சொன்னது. ஒன்பது, பதினெட்டுப் புள்ளித் தாங்கல் செய்யத் தெரிந்தவர் அதைவிட மெல்லியதில் தாராளமாக இறங்கலாம்.

கடைசியாக ஒரு நம்பிக்கை இன்னும் உலாவுகிறது: கண்ணாடி பழசாக ஆக உள்ளிருக்கும் தகைவு தானே வடிந்துவிடும், அதனால் ஐம்பது வருடப் பழைய கடைக் கண்ணாடி உசத்தி. ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களின் கண்ணாடி வழிந்து அடி தடித்துவிட்டது என்ற கதையும் இதன் உறவுதான். அந்தச் சன்னல்களின் ஏற்ற இறக்கம் அக்காலத்துத் தகடு செய்யும் முறையில் வந்தது. அறைச் சூட்டில் கண்ணாடி வழிய வேண்டுமானால் பிரபஞ்சத்தின் வயது போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 510 டிகிரிக்குக் கீழே உறைந்த தகைவு பரணில் கிடந்தாலும் அலமாரியில் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும். பழைய தடித்த பிளேட் கண்ணாடி சில சமயம் நன்றாக இருப்பதற்குக் காரணம், அதை வார்த்து இரு முகமும் தேய்த்து மெருகேற்றி விற்ற ஆலைகள் அந்தத் தடிமனுக்கு ஏற்றபடி மெதுவாக ஆற்றியிருந்ததுதான். அதிலும் எல்லாத் துண்டும் ஒன்றல்ல. பழைய சாமான் கடைக்குப் போகும்போது குளிர்கண்ணாடியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.